ஹிமாச்சல் ஆப்பிள் கன்னு பார்சல்ல வருது, உறைபனியில நடலாமா?

நீலகிரியில கேத்தி பக்கம் இருந்து ஒரு சார் கேட்டிருக்கார். ஹிமாச்சல்ல இருந்து 20 ஆப்பிள் கன்னு ஆர்டர் போட்டிருக்காராம், மண்ணே இல்லாம வெறும் வேரோட வர்ற கன்னு, பேர் ரூட்னு சொல்றாங்களே அது. பொங்கல் கழிச்சு வந்து சேரும். வித்தவர் வந்த அன்னைக்கே நட்ருங்கன்றார், பக்கத்து தோட்டத்துக்காரர் உறைபனியில நட்டா செத்துரும், ஏப்ரல் மழைக்கு நடுங்கன்றார். கூடவே அஸ்பாரகஸ், அதான் இளந்தண்டை வெட்டி சமைக்கிற காய், அதோட கிழங்கு 10 வாங்கி வெச்சிருக்கார், அதை எப்ப புதைக்கிறதுன்னு தெரியலயாம்.

சார், ஆப்பிளை வந்த உடனே நட்ருங்க. தண்ணி இருந்தா மட்டும்.

இலையெல்லாம் உதிர்ந்து கன்னு தூங்கிட்டு இருக்கும்போது தான் அதை தோண்டி எடுத்து அனுப்புறாங்க. அந்த நிலைமையில பனி அதை ஒண்ணும் பண்ணாது, அங்க பனிக்குள்ளயே நின்ன செடி தானே. நம்ம ஊர்ல புல்லு தான் வெள்ளையாகுது, மண்ணுக்குள்ள வேர் வரைக்கும் உறையறதில்ல. நம்ம கன்னை கொல்றது தை, மாசி வெயிலும் காத்தும் தான், வேர் காஞ்சா முடிஞ்சுது. ஏப்ரல் வரைக்கும் வெச்சிருந்தீங்கன்னா மொட்டு வெடிச்சு இலை வந்துரும், கீழ உறிஞ்ச புது வேர் இருக்காது, தண்டுல இருக்குற சத்தை தின்னுட்டு பத்து நாள்ல கருகிரும். மழைக்கு நடுறதெல்லாம் பாக்கெட் கன்னுக்கு, மண்ணோட பையில வளர்ந்து வர்றதுக்கு. ஆனா பக்கத்து தோட்டத்துக்காரரை குத்தம் சொல்ல மாட்டேன், வேளாண் பல்கலைக்கழக கையேட்டை திறந்தா நடவு ஜூன்ல இருந்து டிசம்பர்னு ஒரே வரி தான், பாக்கெட்டா வெறும் வேரான்னு ஒரு வார்த்தை கிடையாது, அதை வெச்சுக்கிட்டு விவசாயி என்ன பண்ணுவான். எனக்கு ஒரு தடவை மானியத்துல வந்த பிளம்ஸ் கன்னு ஒரு ஆபீஸ் வராண்டாவுல மூணு வாரம் கெடந்துச்சு, கையெழுத்து போட ஆள் இல்லையாம். வாங்கிட்டு வந்து நட்டேன், வெறகு தான் மிச்சம்.

ஏப்ரல் வரைக்கும் ஒவ்வொரு கன்னுக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு குடம் ஊத்த முடியுமா? முடியாதுன்னா ஆர்டரை கேன்சல் பண்ணிட்டு ஜூன்ல பாக்கெட் கன்னு வாங்குங்க.

இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, உங்களுக்கு அது பொருந்தலாம், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். தோட்டம் சரிவுல இருக்கா, பள்ளத்துல இருக்கா? குளிர் காத்து தண்ணி மாதிரி, ராத்திரி சரிவுல இறங்கி பள்ளத்துல தேங்கி நிக்கும், ஊட்டி பக்கம் தலைகுந்தாவுல பனி வெள்ளையா படியும்போது மேட்டுல இருக்குற வீட்டு வாசல்ல வெறும் ஈரம் தான் இருக்கும். ஹிமாச்சல் கன்னு அதுக்கு வேண்டிய குளிரை அங்கயே வாங்கிட்டு வருது, இங்க பகல்ல 20 டிகிரியை தொட்டதும் வசந்தம் வந்துருச்சுன்னு நெனச்சு ரெண்டு மூணு வாரத்துல துளிர் விட்ரும். தூங்குற மொட்டை ஒண்ணும் பண்ணாத பனி, அந்த இளம் துளிரை ஒரே ராத்திரியில கருக்கிரும். அதனால பள்ளத்து நெலமா இருந்தா நேரா குழியில நடாதீங்க. வெயில் படாத சுவத்தோரமா ஒரு அடி வாய்க்கால் வெட்டி, கன்னை எல்லாம் சாய்ச்சு படுக்க வெச்சு வேரை ஈர மண்ணால மூடி வைங்க, நெழல்ல இருந்தா தூக்கம் கொஞ்ச நாள் நீளும். பிப்ரவரி பாதியில பனி கொறஞ்சதும் எடுத்து நடுங்க, மொட்டு அதுக்கு முன்னாடியே உப்ப ஆரம்பிச்சா காத்திருக்க வேண்டாம், நட்டுட்டு சாயங்காலம் நாலு குச்சி ஊனி சாக்கு போட்டு மூடுங்க, காலையில வெயில் ஏறினதும் எடுத்துருங்க. பிளாஸ்டிக் ஷீட் செடியில ஒட்டக்கூடாது, ஒட்டுன எடம் கருகும். சரிவுல இருந்தா இந்த பத்தியையே மறந்துருங்க.

பனியை விட எனக்கு அந்த பார்சல் மேல தான் சந்தேகம். என்ன ரகம்னு நீங்க எழுதவே இல்ல. ராயல் டெலிஷியஸ்னா பணத்தை திருப்பி கேளுங்க, அதுக்கு 7 டிகிரிக்கு கீழ ஏறக்குறைய 1000 மணி நேரம் குளிர் வேணும், ஊட்டியிலயே ராத்திரி மட்டும் தான் அந்த குளிர், மரம் வளரும், பூக்காது. அன்னா மாதிரி 200, 300 மணி நேரத்துல ஒத்துக்குற ரகம் தான் நமக்கு, மகரந்தத்துக்கு பக்கத்துல டார்செட் கோல்டன்ங்கிற ரகம் ரெண்டு இருக்கணும், இல்லன்னா காய் சரியா பிடிக்காது. ஹெச்ஆர்எம்என் 99னு ஒண்ணு, ஹிமாச்சல் பிலாஸ்பூர் விவசாயி ஹரிமன் சர்மா கண்டுபிடிச்சது, பத்மஸ்ரீ கூட குடுத்தாங்க, நல்ல ரகம் தான். ஆனா இப்ப புரோக்கர் எல்லாரும் எந்த குச்சிக்கும் அந்த பேரை தான் மாட்டி விடுறான். ஒட்டே கட்டாத காட்டு ஆப்பிளை சிவப்பு பழம் படம் போட்ட டேக்கோட வித்ததை நானே பாத்திருக்கேன். பழம் வர மூணு நாலு வருஷம் ஆகும், அப்ப அவன் நம்பர் சுவிட்ச் ஆஃப். தேசிய தோட்டக்கலை வாரியம் நர்சரிக்கு அங்கீகாரம் குடுக்குது, அந்த சான்றிதழை வாட்ஸ்அப்ல அனுப்ப சொல்லுங்க. மழுப்புனா புரிஞ்சுக்கோங்க.

பார்சலை பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. வேருக்கு மேல ஒரு சாண் உயரத்துல ஒட்டு கட்டுன வளைவு தெரியணும். நகத்தால தண்டை சுரண்டுனா உள்ள பச்சையா இருக்கணும், வேர் உடையாம வளையணும். நாலஞ்சு மணி நேரம் வேரை தண்ணியில வெச்சுட்டு நடுங்க, ஒரு நாளைக்கு மேல ஊற விட்டா அழுகிரும். குழி ரெண்டடிக்கு ரெண்டடி, எடைவெளி 4 மீட்டர், ஒட்டு மண்ணுக்கு மேல நாலு விரக்கடை நிக்கணும். பச்சை சாணி போடாதீங்க, மக்குனது மட்டும். தலையை ரெண்டரை அடியில வெட்டி விடுங்க, மனசு கேக்காது, வெட்டித்தான் ஆகணும். காட்டெருமை வர்ற எடம்னா வேலி போட்டுட்டு நடுங்க.

அஸ்பாரகஸுக்கு அவசரமே இல்ல. ஈர மணல்ல போட்டு குளிர்ச்சியான ரூம்ல வைங்க, பிப்ரவரி கடைசியில நடலாம். மேட்டுப்பாத்தி தான், இல்லன்னா ஜூன், ஜூலை மழையில அழுகிரும். அரையடி பள்ளத்துல வேரை எட்டுக்கால் பூச்சி மாதிரி பரப்பி ரெண்டு அங்குலம் மண்ணு போட்டு, துளிர் ஏற ஏற மூடிட்டே வாங்க. வாங்குனது தண்ணீர்விட்டான் கிழங்கு இல்லையேன்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, அதுவும் அஸ்பாரகஸ் ஜாதி தான், ஆனா மருந்துக்கு, முள்ளுக்கொடியா ஏறும், அதையும் இந்த பேர்ல தள்ளி விடுறாங்க. சரியான கிழங்கா இருந்தா ரெண்டு வருஷம் ஒரு தண்டு கூட வெட்டாதீங்க, வீட்ல யார் ஆசைப்பட்டு கேட்டாலும் சரி.