வெப்கேமை வைத்துக் கண்ணால் மவுஸை நகர்த்த முடியுமா?

கேள்வி: கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டதால் என் தம்பிக்குக் கைகள் அசையாது. தலையை நன்றாகத் திருப்புகிறான், பேச்சும் தெளிவு. விண்டோஸ் லேப்டாப்பின் வெப்கேமை வைத்து, கண் பார்வையாலேயே மவுஸை நகர்த்த வழி உண்டா?

பதில்: வெப்கேம் போதும். ஆனால் கண்ணை விட்டுவிட்டுத் தலையசைவைப் பயன்படுத்துங்கள்.

கருவிழியின் விட்டம் ஏறத்தாழ 12 மி.மீ. 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால், 1280 பிக்சல் அகலப் படத்தில் அது சுமார் 18 பிக்சல்தான் வரும். பார்வை 1 டிகிரி திரும்பினால் திரையில் 1 செ.மீ. தள்ளிப்போகும், படத்திலோ கருவிழி நகர்வது ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு. சாதாரண வெப்கேமால் இதை நம்பகமாகப் பிடிக்க முடியாது. கர்சர் சில செ.மீ. விலகி நடுங்கிக்கொண்டே இருக்கும். மூக்கு நுனி 2 செ.மீ. அசைந்தாலோ 30 பிக்சல் நகர்கிறது.

ஈவியாகேம் (eViacam) என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். முகத்தை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். பாஸ்டன் கல்லூரியில் உருவான கேமரா மவுஸும் இலவசம்தான்; அதில் மூக்குத் துளை, புருவ நுனி போன்ற ஒரு புள்ளியை நாம் காட்ட வேண்டும். வேகமாகத் திரும்பினால் அந்தப் புள்ளி வழுக்கிவிடும், மறுபடி காட்ட இன்னொருவர் கை வேண்டும். தம்பி தனியாக இயக்க ஈவியாகேமே நல்லது.

கழுத்து பக்கவாட்டில் திரும்பும் அளவுக்கு மேலும் கீழும் எளிதில் அசையாது. எனவே செங்குத்து வேகத்தைக் கிடைமட்ட வேகத்தைவிடக் கூட்டி வையுங்கள். கர்சரை ஓரிடத்தில் நிறுத்தினால் தானாக க்ளிக் ஆகும். அந்த நேரத்தை 1 நொடியில் தொடங்குங்கள். எடுத்த எடுப்பிலேயே அரை நொடி வைத்தால் படிக்க நிறுத்திய இடமெல்லாம் க்ளிக் ஆகி, வெறுத்துப்போகும். விண்டோஸின் திரை அமைப்பில் Scale என்பதை 150 சதவீதமாக்கினால் பொத்தான்கள் பெரிதாகும். எழுத்துக்குத் திரை விசைப்பலகையோடு மல்லாட வேண்டாம். பேச்சு தெளிவாக இருப்பதால், குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து தமிழிலேயே சொல்லி எழுதலாம்.

பெரும்பாலான கோளாறுகளுக்கு வெளிச்சமே காரணம். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருண்டுவிடும். இரவில் வெளிச்சம் குறைந்தால் பல வெப்கேம்கள் நொடிக்கு 30 படத்திலிருந்து 15க்கு இறங்கும், கர்சர் இழுத்து இழுத்து வரும். அப்போது வேகத்தைக் கூட்டாதீர்கள். முகத்துக்கு முன்னால் ஒரு மேசை விளக்கு வைத்தால் சரியாகும். படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் கேமரா அமைப்பில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். சக்கர நாற்காலியைச் சாய்த்தால், கேமரா முகத்தை நேராகப் பார்க்கும்படி திரையையும் சாய்க்க வேண்டும்.

கழுத்துப் பட்டையை (காலர்) இப்போதுதான் கழற்றியிருந்தாலோ, கழுத்தில் அறுவை நடந்திருந்தாலோ, மருத்துவர் சரி என்ற பிறகே தொடங்குங்கள். முதல் வாரம் ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும்.

கழுத்து சீக்கிரம் களைத்தால் மட்டும் அகச்சிவப்புக் கண் டிராக்கர் வாங்கலாம். கண்ணில் தெறிக்கும் அகச்சிவப்புப் புள்ளிக்கும் கண்பாவைக்கும் உள்ள இடைவெளியை அது அளப்பதால், பிழை 1 செ.மீ. அளவுக்குள் அடங்கும். விண்டோஸ் 10 முதல் உள்ள கண் கட்டுப்பாட்டு வசதி, டோபி போன்ற ஏற்ற கருவிகளோடு வேலை செய்யும். வெயில் நேராக விழும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருக்கிறது.