கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச் எது வாங்கலாம்? கேளுங்க, சொல்றேன்

வணக்கம் மக்களே. பதினஞ்சு வருஷமா வண்டி வேலைதான் எனக்கு சோறு போடுது. அதுல கடைசி ஆறேழு வருஷமா காத்து ஹோஸை ஓரமா சுருட்டி வெச்சுட்டு பேட்டரி கன்லயே, அதாவது நட்டை அடிச்சு அடிச்சுக் கழட்டற இம்பாக்ட் ரெஞ்ச்லயே, முக்கால்வாசி வேலையை முடிச்சுடறேன். சொந்த வண்டியை வீட்டுலயே பாத்துக்கறவங்க எந்த இம்பாக்ட் வாங்கலாம்னு தினம் யாராவது கேட்டுகிட்டே இருக்கீங்க, அதான் எல்லாருக்கும் சேத்து இங்கயே சொல்லிடலாம்னு.

கேள்வி: அண்ணே, ஒரு சின்ன கார், ஒரு பைக் இருக்கு. டார்க், அதாவது முறுக்கு விசை, 300 என்எம் (நியூட்டன் மீட்டர்), 600 என்எம், 1000 என்எம்னு போட்டிருக்கான். பெருசாவே எடுத்துடவா?

பதில்: வேணாம் தம்பி. சின்ன கார் வீல் நட்டுக்கு கம்பெனி சொல்ற டைட் பெரும்பாலும் 90ல இருந்து 140 நியூட்டன் மீட்டருக்குள்ள தான் வரும். பைக் பின் ஆக்சில் நட்டும் அந்த அளவு, இல்ல அதுக்கும் கீழ. அப்போ 200 போதுமேன்னு தோணும், ஆனா போதாது. கழட்டும்போது நீங்க மோதறது கம்பெனி போட்ட டைட்டோட இல்ல, அதுமேல ஏறின துருவோட, அதுக்கு முன்னாடி யாரோ வீல் ஸ்பேனர் மேல ஏறி நின்னு மிதிச்ச மிதியோட. கணக்கு போட்டுப் பாருங்க, அரை மீட்டர் நீள ஸ்பேனர் நுனியில 70 கிலோ ஆளு ஏறி நின்னா கிட்டத்தட்ட 340 நியூட்டன் மீட்டர் வரும். 100 கேட்ட நட்டுல 340! இதுமேல ரெண்டு வருஷ துருவும் சேந்தா 300 என்எம் மெஷின் டர்ருனு அடிச்சுகிட்டே நிக்கும், நட்டு அசையாது. அதனால கழட்டற டார்க் 500ல இருந்து 700 வரைக்கும் இருக்கற அரை இன்ச் (சாக்கெட் மாட்டற சதுரத் தண்டோட அளவு) மிட் சைஸ் எடுங்க, பேட்டரியோட ரெண்டு ரெண்டரை கிலோதான் இருக்கும். 1000க்கு மேல போற பெருசு மூணு கிலோவைத் தாண்டிடும், வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்துகிட்டு ஒத்தக் கையில அதை தூக்கிப் புடிச்சுப் பாத்தாதான் தெரியும். பெரிய பிக்கப், லாரி வேலைன்னா அப்போ அது சரி.

கேள்வி: ஒரே மெஷினுக்கு ரெண்டு டார்க் நம்பர் போட்டிருக்கான், எதை நம்பறது?

பதில்: ரெண்டுமே நிஜம்தான், ஒண்ணு முறுக்கறதுக்கு, இன்னொண்ணு இறுகின நட்டை உடைச்சுக் கழட்டறதுக்கு. உதாரணத்துக்கு மகிட்டா டிடிடபிள்யூ300 எடுத்துக்கோங்க, முறுக்க 330, கழட்ட 580. கம்பேர் பண்றப்ப கழட்டறதோட கழட்டறதை வெச்சுப் பாருங்க. ஒருத்தன் பெரிய நம்பரை மட்டும் போடுவான், இன்னொருத்தன் நேர்மையா சின்னதையும் போடுவான், நேர்மையா போட்டவன் மெஷின் நமக்கு வீக்கா தெரியும். அப்புறம் இது மோட்டார் நேரா முறுக்கற மெஷின் இல்ல, உள்ள ஒரு சுத்தியல் சுத்தி சுத்தி வந்து சாக்கெட் மாட்டற தண்டை பக்கவாட்டுல அடிக்குது, நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் அடி. அதனாலதான் 500 என்எம் போட்டாலும் நம்ம கையை முறுக்கறதில்ல. அதேபோல ஒரு நட்டு முதல் செகண்டுலயே வரணும்னு அவசியமும் இல்ல, ஒரு அஞ்சாறு செகண்ட் விடாம அடிக்க விடுங்க, சத்தம் மாறும், அடுத்த நொடி கழண்டு வரும்.

கேள்வி: பிரஷ்லெஸ் அவசியமா?

பதில்: ஆமா. மோட்டாருக்குள்ள உரசற கார்பன் பிரஷ்ஷே கிடையாது, அதனால அது தேயற பிரச்சனை இல்ல, சூடு கம்மி, அதே பேட்டரியில கூட நேரம் ஓடும். இதுல யோசிக்கவே வேணாம்.

கேள்வி: சகோ, 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட், சில மெஷின்ல 300 வோல்ட்டுக்கு மேலயும் எழுதிருக்கான். வோல்ட் கூட இருந்தா பவர் கூடத்தானே?

பதில்: 18, 20, 21 மூணும் ஒரே பேட்டரிதாங்க. உள்ள வரிசையா அஞ்சு லித்தியம் செல். ஒரு செல் சராசரியா 3.6 வோல்ட், அஞ்சுக்கு 18. ஃபுல் சார்ஜ்ல 4.2, அஞ்சுக்கு 21. நடுவுல எடுத்து 20 மேக்ஸ்னு போட்டுக்கறாங்க. 300 வோல்ட்னு எழுதினது வெறும் ஸ்டிக்கர்தான். அந்த வோல்ட் வேணும்னா எண்பதுக்கு மேல செல் அடுக்கணும், கையில புடிக்கிற பேட்டரிக்குள்ள எங்க இருந்து வரும்? ஏஎச்லயும் (ஆம்பியர் ஹவர், பேட்டரி எவ்ளோ சார்ஜ் தாங்கும்ங்கற அளவு) இதே கதை நடக்குது, அதை புடிக்க ஒரு வழி சொல்றேன். சமையல் தராசுல பேட்டரியை மட்டும் வைங்க. இந்த பேட்டரிக்குள்ள வர்ற சாதாரண 18650 சைஸ் செல் ஒண்ணு 45, 50 கிராம் இருக்கும், நல்ல செல்லுல நிஜமா கிடைக்கறது 3.5 ஏஎச் வரைக்கும்தான். அப்போ இந்த செல்லுல 18 வோல்ட் 5 ஏஎச்னா குறைஞ்சது பத்து செல், செல்லு மட்டுமே அரை கிலோ, டப்பாவும் சர்க்யூட்டும் சேந்தா அறுநூறைத் தாண்டும். 10 ஏஎச்னு எழுதி 350 கிராம் காட்டுச்சுன்னா உள்ள என்ன இருக்குன்னு நீங்களே புரிஞ்சுக்கலாம்.

கேள்வி: என்கிட்ட ஏற்கனவே 18 வோல்ட் டிரில் இருக்கு, 2 ஏஎச் பேட்டரி ரெண்டு. அதே கம்பெனி இம்பாக்ட் வெறும் பாடி மட்டும் வாங்கலாமா?

பதில்: தாராளமா. மெஷினை விட பேட்டரி குடும்பம்தான் முக்கியம்னு நான் எப்பவும் சொல்லுவேன், ஒரு தடவை ஒரு கம்பெனி பேட்டரிக்குள்ள போயிட்டா அடுத்து கிரைண்டர், லைட், புளோயர் எல்லாமே அதுலயே ஓட்டிக்கலாம். ஆனா அந்த 2 ஏஎச்ல இம்பாக்ட் முழு பலத்தைக் காட்டாது. அஞ்சே செல்லு ஒத்த வரிசையில நின்னு அவ்வளவு கரண்டையும் கொடுக்கணும், திணறும். 4 இல்ல 5 ஏஎச் ஒண்ணு மட்டும் சேத்து வாங்கிக்கோங்க, அதே மெஷின் வேற மெஷின் மாதிரி வேலை செய்யும்.

கேள்வி: ஸ்க்ரூ அடிக்கற இம்பாக்ட் டிரைவர்ல அரை இன்ச் அடாப்டர் போட்டு வீல் நட்டு கழட்டலாமா?

பதில்: பெரும்பாலும் வராது, வரலைன்னு அழுத்தினா அந்த அடாப்டரோட கால் இன்ச் தண்டு முறிஞ்சிடும். டேஷ்போர்டு, பம்பர் மாதிரி சின்ன போல்ட்டுக்கு மட்டும் வெச்சுக்கோங்க.

கேள்வி: சார், என் ஸ்கூட்டர்ல பெல்ட், ரோலர் எல்லாம் நானே மாத்தறேன். வேரியேட்டர் (முன்னாடி இருக்கற பெல்ட் புல்லி) நட்டு கழட்டறப்பதான் புல்லி கூடவே சுத்துது, புடிக்க முடியல. எனக்கு எவ்ளோ பெரிய மெஷின் வேணும்?

பதில்: சூப்பர் மேடம், நீங்க சொல்ற இந்த வேலைக்குத்தான் இம்பாக்ட்டோட அருமையே தெரியும். அடி அவ்வளவு வேகமா விழறதால புல்லி கூட சுத்தறதுக்கு நேரமே கிடைக்காது, அதோட கனமே அதை நிறுத்திப் புடிச்சுக்கும், நட்டு மட்டும் கழண்டு வந்துடும். கார் இல்லன்னா உங்களுக்கு 3/8 இன்ச் மெஷின், கழட்டற டார்க் 250, 300 இருந்தாலே தாராளம், கிலோ ஒண்ணரைக்குள்ள முடிஞ்சிடும், இடுக்குல கூட நுழையும். திருப்பி மாட்டறப்ப மட்டும் புல்லி ஹோல்டர் போட்டுப் புடிச்சு டார்க் ரெஞ்ச்ல (செட் பண்ண அளவு டைட் வந்ததும் கிளிக்னு சத்தம் குடுக்கற ஸ்பேனர்) முறுக்குங்க. பெல்ட்டை பின் புல்லிக்குள்ள ஆழமா அழுத்தி இறக்கி விடாம நட்டை முறுக்கினா பெல்ட் முன் புல்லி நடுவுல மாட்டிகிட்டு, டைட் ஆனமாதிரி காட்டும், ஓட்டினதும் லூஸாயிடும். புல்லியோட வெளித் தட்டு தண்டுல இருக்கற பல்லுல (ஸ்ப்ளைன்) சரியா உக்காந்துதான்னு கண்ணால பாத்துட்டு முறுக்குங்க.

கேள்வி: வீட்டுல பளபளன்னு ஒரு சாக்கெட் செட் இருக்கு, அதையே போட்டுக்கலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேணாம். அந்த பளபளப்பு செட் கையால முறுக்கறதுக்கு செஞ்ச குரோம் வனேடியம், கடினமானது, அடிச்சா விரியும். என் கண்ணு முன்னாடி 19 எம்எம் ஒண்ணு விரிஞ்சிருக்கு. முதல்ல மெல்லிசா முடி மாதிரி ஒரு கோடு விழுந்துச்சு, நானும் பாத்தேன், இன்னும் ஒரு நட்டுதானேன்னு அடிச்சேன். பட்டுனு ரெண்டா பொளந்து ஒரு துண்டு என் முழங்கையைக் கிழிச்சுட்டு போச்சு. கொஞ்சம் மேல வந்திருந்தா கண்ணு. இம்பாக்டுக்குன்னு கறுப்பு கலர்ல குரோம் மாலிப்டினம் சாக்கெட் வரும், ஆறு மூலை, சுவரு தடிமனா இருக்கும். 17, 19, 21 மூணும் டீப் சாக்கெட்டா வாங்கினா கார் வீலுக்கு பெரும்பாலும் முடிஞ்சிது. அலாய் வீல்னா வெளிய பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிசு சுவர் சாக்கெட் எடுங்க, இல்லன்னா நட்டு குழியில கோடு விழும். கண்ணாடியும் காதடைப்பானும் இல்லாம டிரிக்கர்ல கை வைக்காதீங்க, இதோட சத்தம் 100 டெசிபல் பக்கம் போகும்.

கேள்வி: ப்ரோ, இம்பாக்ட்லயே வீல் நட்டு டைட்டும் பண்ணிட்டா வேலை சீக்கிரம் முடியுமே? லோ மோடு வேற இருக்கு.

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துகிட்டு இருந்தேன். பண்ணாதீங்க. லோ மோடுன்னாலும் அது எத்தனை செகண்ட் அடிச்சீங்க, பேட்டரி எவ்ளோ இருக்கு, மரை காஞ்சிருக்கா எண்ணெய் பட்டிருக்கான்னு ஒவ்வொண்ணுக்கும் மாறும். நான் தொழிலுக்கு வந்த புதுசுல அவசரத்துல ஒரு வண்டிக்கு நாலு வீலும் கன்னாலயே அடிச்சு அனுப்பினேன். கொஞ்ச நாள்ல வந்தாங்க, ஒரு ஸ்டட் (நட்டு ஏறற வீல் போல்ட்) முறிஞ்சு நட்டோட சேந்து காணோம், பக்கத்து ஸ்டட் இழுத்து மரை நீண்டு போயிருந்துச்சு. குடும்பத்தோட அந்த வண்டியில போய்ட்டு வந்திருக்காங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல எனக்கு. அதுல இருந்து ஒரே பழக்கம்தான், கழட்ட இம்பாக்ட், முறுக்க கை. நட்டை விரலால மூணு நாலு சுத்து ஏத்துங்க, நட்டு கோணலா குறுக்கு மரை ஏறினா விரலுக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. எதிரெதிரா மாத்தி மாத்தி ஸ்பேனர்ல இறுக்குங்க, ஜாக்கியை இறக்கி வீல் தரையில நின்னதும் மேனுவல்ல போட்ட அளவுக்கு டார்க் ரெஞ்ச் வெச்சு கிளிக் கேக்கற வரைக்கும். 50, 100 கிலோமீட்டர் ஓட்டினதும் இன்னொருக்கா பாருங்க. மரையில கிரீஸ் தடவாதீங்க, அதே டார்க்ல ஸ்டட் கூடுதலா இழுபடும். இம்பாக்ட் வாங்கற காசுல டார்க் ரெஞ்ச்சுக்கும் ஒதுக்கி வெச்சுட்டுதான் எந்த மாடல்னு பாக்கவே ஆரம்பிக்கணும்.

கேள்வி: ஸ்பார்க் பிளக், ஆயில் போல்ட் இதுக்கெல்லாம்?

பதில்: கிட்டயே கொண்டுபோகக் கூடாது. பிளக் பெரும்பாலும் 10ல இருந்து 30 என்எம்குள்ள, ஆயில் போல்ட் பெரும்பாலும் 25ல இருந்து 40. எதிர்ல இருக்கற மரை பல வண்டியில அலுமினியம், ஒரு அடியில போயிடும்.

கேள்வி: எல்லாம் பண்ணியும் நட்டு வரலைன்னா?

பதில்: முதல்ல பேட்டரி ஃபுல்லா இருக்கான்னு பாருங்க, அடுத்து எக்ஸ்டென்ஷன், அடாப்டர் எல்லாத்தையும் எடுத்துட்டு சாக்கெட்டை நேரா மெஷின்ல மாட்டுங்க, நீள ராடு ஸ்பிரிங் மாதிரி முறுகி பாதி அடியை தின்னுடும். துரு எண்ணெய் அடிச்சு ராத்திரி பூரா ஊற விடுங்க. காலையில முறுக்கற பக்கம் ஒரு சின்ன அடி, அப்புறம் கழட்டற பக்கம், இப்படி மாத்தி மாத்தி குடுத்தா துரு உடைஞ்சு பொடிப்பொடியா கொட்டறது தெரியும். அப்பவும் அசையலன்னா நிறுத்திட்டு இடது மரையான்னு பாருங்க, சில பழைய வண்டியிலயும் லாரியிலயும் இடது பக்க வீலுக்கு மரை திருப்பி இருக்கும், ஸ்டட் தலையில எல்னு குத்தியிருப்பான்.