தினமும் வசனம் அனுப்பியும் சம்சாரம் பேசலைன்னா

வாட்சப்புல சம்சாரத்துக்கு பைபிள் வசனம் அனுப்பறத முதல்ல நிறுத்துங்க தம்பி. எட்டு மாசமா கோபியில அவங்க அம்மா வூட்ல இருக்கறவங்க ரிப்ளையே பண்றதில்ல, உபவாசமும் பலிக்கலைன்னு எழுதியிருக்கீங்க. நீங்க அனுப்புனது எபேசியர் 5:22, மனைவி கீழ்ப்படியணும்ங்கறது. அது அவங்களுக்கு ஜெபமா தெரியாதுங்க, குத்திக்காட்டறதாத்தான் தெரியும். மூணு வசனம் தள்ளி 25ல மனைவிகிட்ட அன்பா இருக்கணும்னு புருசனுக்குச் சொன்னத வுட்டுட்டீங்களே.

நானும் இதே கூத்து அடிச்சவன்தான். திருப்பூர்ல தறி போட என் சம்சாரத்தோட செயின கேக்காமயே அடகு வெச்சுட்டு, ராத்திரியெல்லாம் முழங்கால்ல நின்னு அழுதேன், அவ போன்ல கேட்டது ஒன்னே ஒன்னு, "செயினு எங்க?" அப்பறம்தான் 1 பேதுரு 3:7 ஒறைச்சுது, சம்சாரத்துக்கு மரியாதை குடுக்கலைன்னா ஜெபத்துக்கே தடைங்குது.

உங்க கடைசி பத்து மெசேஜ எடுத்துப் பாருங்க. நீங்க பண்ண தப்பு ஒன்னையாவது பேர் சொல்லி, "ஆனா"ன்னு இழுக்காம மன்னிப்பு கேட்டிருக்கீங்களா? இல்லீன்னா அங்கிருந்து ஆரம்பிங்க.

கை நீட்டியிருந்தா, குடி இருந்தா மட்டும் நேரா அங்க போய் நிக்காதீங்க, மொதல்ல அதுக்கு வைத்தியம், கவுன்சிலிங். அப்பறம் ஆயர் மூலமா கேளுங்க. அப்பவும் வரலாம், வராமயும் போலாம், அது அவங்க முடிவுங்க.