மறு: ‘நெவர்வேர்’ கடைசி அத்தியாயத்துக்கு எப்படி விமர்சனம் எழுதுவது?

முடிவைப் பற்றிப் பேசுகிறேன். நாவலைப் படிக்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

நீல் கெய்மனின் ‘நெவர்வேர்’ கடைசி அத்தியாயம் இழுவை, வில்லன் கதை முடிந்த பிறகு நாயகன் ரிச்சர்ட் ஆபீஸ் போவதை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். விமர்சனத்தில் அப்படி எழுதிவிடாதீர்கள். அந்த ஆபீஸ் பக்கங்கள்தான் முடிவையே தாங்குகின்றன.

முதல் அத்தியாயத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லண்டனுக்கு அடியில் மறைந்திருக்கும் ‘கீழ் லண்டன்’ உலகத்துப் பெண் டோர், நடைபாதையில் ரத்தம் வழியக் கிடக்கிறாள்; அவளைத் தூக்கிப் போனதால்தான் ரிச்சர்ட் வேலை, வீடு, கட்டிக்கொள்ளப்போகும் ஜெசிகா எல்லாவற்றையும் இழக்கிறான். அதன்பின் அவன் கேட்பது ஒன்றுதான்: பழைய வாழ்க்கை திரும்ப வேண்டும். கடைசியில் அது கிடைக்கிறது, பதவி உயர்வோடு, முன்னைவிட நல்ல வீட்டோடு. ஜெசிகாவும் திரும்பி வரத் தயார். அவன்தான் வேண்டாம் என்கிறான். இதை அவசரமாகச் சொல்லியிருந்தால், கீழ் லண்டனுக்கே திரும்பிப் போக அவன் கத்தியால் சுவரில் கதவு கீறும் இடம் வெறும் கிறுக்குத்தனமாகத் தெரிந்திருக்கும்.

குறை சொல்ல வேறு இடம் இருக்கிறது. அவன் கீறிய கதவு தானாகத் திறப்பதில்லை, கீழ் லண்டன்காரரான மார்க்கி வந்து அழைக்க வேண்டியிருக்கிறது. ரிச்சர்டின் சொந்த முடிவை அது கொஞ்சம் பலவீனமாக்குகிறது என்பது என் எண்ணம். இதைத் தைரியமாக எழுதுங்கள்.

அப்புறம் ஸ்பாய்லர். ரிச்சர்ட் ‘மேல் லண்டனுக்கு’, அதாவது நமக்குத் தெரிந்த லண்டனுக்கு, திரும்புவதோடு நிறுத்துங்கள், சுவர்க் காட்சி வேண்டாம். லண்டன் ரயில் நிலையப் பெயர்களுக்கேற்ப, ஏர்ல்ஸ் கோர்ட்டில் நிஜமாகவே ஓர் ஏர்ல் (பிரபு) ரயில் பெட்டிக்குள் அரசவை நடத்துவது, பிளாக்ஃபிரையர்ஸில் கறுப்புத் துறவிகள் இருப்பது இதையெல்லாம் தாராளமாகச் சொல்லலாம், யாருக்கும் சுவாரசியம் கெடாது.