ஒரே ஒரு டிக்கெட்

போன இதழில் ஒரு வாசகர், பிறந்த நாளை எப்படிக் கொண்டாடினீர்கள் என்று கேட்டிருந்தார். தனியாக ஒரு தீம் பார்க்குக்குப் போய், திறந்ததிலிருந்து மூடும் வரை இருந்துவிட்டு வந்தேன் என்று இரண்டு வரி எழுதினேன். அந்த இரண்டு வரிக்கு, ஒரு வருஷம் முழுக்க வருமளவு கடிதங்கள் வந்துவிட்டன. பாதி திட்டு, பாதி சந்தேகம். பத்தொன்பது வருஷம் ஒரு தீம் பார்க்கின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவள் என்று எப்போதோ எழுதியதை ஞாபகம் வைத்துக் கேட்டவர்களும் உண்டு. சரி, இந்த முறை முழுக்க அதே பேச்சுதான்.

கேள்வி: ஐம்பத்தாறு வயதில், குழந்தை குட்டி இல்லாத நீங்கள், குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஒரு நாள் முழுக்க என்னதான் செய்தீர்கள்?

ரோலர் கோஸ்டரில் ஏழு முறை ஏறினேன்.

குழந்தைகள் விளையாடும் இடம் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. பெரிய ரோலர் கோஸ்டர் எதை எடுத்துக்கொண்டாலும் வாசலில் ஓர் அளவுகோல் நிற்கும். கோட்டை எட்டாத பிள்ளைக்கு உள்ளே இடமில்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் யுனிவர்சல் பார்க் 2021இல் திறந்த வெலாசிகோஸ்டர் என்ற ரோலர் கோஸ்டருக்கு 130 செ.மீ. உயரம் வேண்டும். ஐந்து வயதில் அந்த உயரம் யாருக்கு வரும்? குதிகாலைத் தூக்கி நின்று பார்த்தும் எட்டாமல், அழுதுகொண்டு அப்பாவின் தோளில் திரும்பிப் போகும் பிள்ளைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அம்மா மட்டும் உள்ளே போவாள். திரும்பி வரும்போது தலை கலைந்து, பத்து வயது குறைந்தவள் மாதிரி வருவாள்.

கேள்வி: அப்படியானால் 'குடும்பத்தோடு வாருங்கள்' என்று விளம்பரம் செய்வது ஏன்? ஆரம்பத்திலிருந்தே இது குடும்பத்துக்கான இடம்தானே?

இல்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் டிவோலி பூங்கா 1843இல் திறந்தது. மக்கள் கேளிக்கையில் இருந்தால் அரசியலைப் பற்றி யோசிக்க மாட்டார்கள் என்று சொல்லி மன்னரிடம் அனுமதி வாங்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. அரசியலை யோசிக்கிறவன் ஆறு வயதுப் பையனா என்ன?

நியூயார்க்கின் கோனி தீவு இன்னும் சுவாரஸ்யம். அங்கே 1897இல் ஜார்ஜ் டில்யு திறந்த ஸ்டீபிள்சேஸ் பார்க்கில், தண்டவாளத்தில் ஓடும் மரக்குதிரைகள்தான் பேர்பெற்றவை. ஒரு குதிரையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாம். கல்யாணம் ஆகாத இருவர் பொது இடத்தில் கையைக் கோத்துக்கொள்வதே பேச்சாகும் காலத்தில், குதிரை வளைவில் திரும்பினால் பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும்! டில்யு ஓட்டியது குதிரையை, விற்றது அந்தப் பிடியை. ஆக, ஆரம்ப காலத்து வாடிக்கையாளர்களில் பெரும் பங்கு குழந்தை இல்லாத இளசுகள்தான்.

குடும்பம் என்ற சொல் பலமாக ஒட்டிக்கொண்டது டிஸ்னியால். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பூங்காவில் மகள்கள் ராட்டினக் குதிரையில் சுற்ற, தான் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். அதிலிருந்து வந்தது 1955இல் திறந்த டிஸ்னிலேண்ட். கவனியுங்கள், அவர் கவலை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பற்றியது. பின்னால் வந்த விளம்பரக்காரர்கள் (நானும் சேர்த்தி) பெஞ்சை மறந்துவிட்டு ராட்டினத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

கேள்வி: நான் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் விளம்பரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். குழந்தை இல்லாத பெரியவர்களை வரவழைக்க ஒரு வாசகம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'மீண்டும் குழந்தையாகுங்கள்' என்று எழுதியிருக்கிறேன். எப்படி?

கிழித்துப் போடுங்கள். கோபம் வேண்டாம், நானும் அதையே எழுதி மாட்டிக்கொண்டவள்.

நான் எழுதியது, 'உங்களுக்குள் இருக்கும் குழந்தையை அழைத்து வாருங்கள்.' எங்கள் மேலதிகாரி எழுந்து நின்று கை தட்டினார். நாலு வண்ணத்தில் துண்டுப் பிரசுரம், நகரம் முழுக்கப் பலகைகள். வெளிவந்த இரண்டாம் வாரம், டிக்கெட் கவுன்டரில் ஒரு பெண் அந்தத் துண்டுப் பிரசுரத்தை நீட்டி, இதை எழுதியவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டாராம். போனேன். நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் கணவர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "எனக்குள்ள குழந்தை இல்லன்னுதாங்க ஆறு வருஷமா ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சோம். போதும்னு போன மாசம் விட்டுட்டோம். கொஞ்சம் ஊஞ்சலாடலாம்னு வந்தோம்."

நான் அந்த வாசகத்தை எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். எத்தனையோ பேர் படித்துப் பார்த்தார்கள். அந்த 'உள்ளே' யாருக்கு எப்படிக் குத்தும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. எனக்கும் குழந்தை இல்லை. நான் வேண்டாம் என்று இருந்தவள். எல்லோரும் என்னைப் போலத்தான் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

அதனால் முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்: குழந்தை இல்லாதவர் என்று ஓர் ஆள் கிடையாது. வேண்டாம் என்றவர், கிடைக்காதவர், இன்னும் கல்யாணமே ஆகாதவர், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டவர், நாலு நண்பர்களோடு கத்த வருகிற கல்லூரிப் பையன், எல்லாரும் அந்த ஒரு பெட்டிக்குள் கிடக்கிறார்கள். இவர்கள் எல்லாரையும் ஒரே வாசகத்தால் அழைக்க வேண்டுமென்றால், அந்த வாசகத்தில் 'குழந்தை' என்ற சொல்லே இருக்கக் கூடாது. இருக்கிறது என்றாலும் குத்தும், இல்லை என்றாலும் குத்தும்.

சரி, எதைச் சொல்லலாம்? எதை விற்றால் வந்தார்கள் என்று பாருங்கள். யுனிவர்சலின் ஃப்ளோரிடா பார்க் 1991இல் இருட்டையும் பயத்தையும் விற்றது. சில ராத்திரிகளுக்கு என்று தொடங்கிய ஹாலோவீன் (பேய் வேஷப் பண்டிகை) நிகழ்ச்சி இன்று வருஷா வருஷம் வாரக்கணக்கில் நடக்கிறது. பதின்மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் கூட்டி வராதீர்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். டிஸ்னியின் எப்காட் பார்க் 1990களின் நடுவிலிருந்து சாப்பாட்டுக்கும் ஒயினுக்கும் ஒரு திருவிழா நடத்துகிறது. டோக்கியோவில் 2001இல் டிஸ்னிசீ பார்க் திறந்தபோது, பக்கத்திலேயே இருந்த பழைய டிஸ்னிலேண்டில் கிடைக்காத மது அங்கே கிடைத்தது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் பொதுமக்கள் மது வாங்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2010இல் யுனிவர்சல் ஹாரி பாட்டர் உலகத்தைக் கட்டியபோது, முதல் புத்தகத்தைப் பள்ளிச் சீருடையில் படித்தவர்கள் சொந்தச் சம்பளத்தில் டிக்கெட் வாங்கும் வயதில் இருந்தார்கள்.

எங்கேயும் 'குழந்தையாகுங்கள்' இல்லை. ராத்திரி, சாப்பாடு, பயம், பழைய பிரியம். அந்தப் பெண் சொன்னதைத்தான் நான் அடுத்த வருஷப் பலகையில் போட்டேன்: 'கொஞ்சம் ஊஞ்சலாடலாம்.' அவ்வளவுதான். மேலதிகாரி கை தட்டவில்லை.

கேள்வி: குழந்தை இல்லாத பெரியவர்கள் மேல் பார்க்குகளுக்குத் திடீர்ப் பாசம் எதற்கு? பணம்தானே?

பணம்தான். பள்ளி திறந்திருக்கும் செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பாருங்கள். வண்டி ஓட்டுபவர், பெல்ட் சரிபார்ப்பவர், மின்சாரம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாதிரியே வேண்டும், கூட்டம் மட்டும் இருக்காது. செவ்வாயன்று வரக்கூடியவர் பள்ளிக்கூட அட்டவணையில் மாட்டாதவர். அதோடு நாலு பேர் உட்காரும் வரிசையில் மூன்று பேர் குடும்பம் ஏறினால் ஓர் இருக்கை காலி. அதை நிரப்பத்தான் 'சிங்கிள் ரைடர்' என்று தனி வரிசை. தனியாக வருகிறவரை எந்தக் குடும்பத்தின் ஓரத்திலும் செருகலாம். அவருக்குக் காத்திருப்பு குறைகிறது, பார்க்குக்கு இருக்கை வீணாவதில்லை.

கேள்வி: இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வெயிலில் ஒன்றரை மணி நேரம் நிற்கிறேன். எனக்கு முன்னால் மிக்கி காதுகளை மாட்டிக்கொண்டு முப்பது வயதுக்காரர்கள்! இவர்களை விடவே கூடாது என்கிறேன். உங்களுக்கு இது புரியாது.

முழுசாகப் புரியாதுதான். அமெரிக்காவில் ஒரு தாய் இதையே கொதித்து எழுதியது 2019இல் உலகமெல்லாம் சுற்றியது. அவரை எல்லோரும் கேலி செய்தார்கள், நான் செய்யவில்லை. கைக்குழந்தை இடுப்பில் இருக்கும்போது ஒன்றரை மணி நேரம் என்பது மூன்று மணி நேரம் மாதிரி.

ஆனால் உங்கள் கோபம் போக வேண்டிய விலாசம் வேறு. வரிசையை நீளமாக்குவது முன்னால் நிற்பவரின் வயது இல்லை. ஒரே நாளில் எத்தனை டிக்கெட் விற்பது என்று அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்கிறவர். நானும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன். இன்னொன்றில் உங்கள் பக்கம் நிற்பேன். தனி டிக்கெட் போட்ட இரவு விருந்துக்காகப் பகலில் வந்தவர்களைச் சீக்கிரம் வெளியே அனுப்பும் வழக்கம் உண்டு. டிஸ்னியின் ஃப்ளோரிடா பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டமில் ஹாலோவீன் விருந்து நாட்களில் பகல் டிக்கெட்டுக்கு மாலை ஆறு மணியோடு சரி. அந்த விருந்துக்குக் குழந்தைகளும் போகலாம்தான், ஆனால் தனிக் காசு. ஒருவருக்கு விற்ற பொழுதை வெட்டி இன்னொருவருக்கு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், 'ரைடர் ஸ்விட்ச்' என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஏறும்போது மற்றவர் பிள்ளையோடு வெளியே இருந்து, பிறகு மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். பெரிய பார்க்குகளில் உண்டு. பலகையில் பெரிதாகப் போட மாட்டார்கள், வாய் திறந்து கேட்க வேண்டும்.

கேள்வி: பேசாமல் பெரியவர்களுக்கென்றே தனி பார்க் கட்டிவிட்டால்?

டிஸ்னியே பார்த்துவிட்டது. ஃப்ளோரிடாவில் 1989இல் 'ப்ளெஷர் ஐலண்ட்' என்று இரவு விடுதிகள் நிறைந்த ஒரு பகுதியைத் திறந்தார்கள். 2008இல் விடுதிகளை மூடினார்கள். என் கணிப்பு: ஆட்டம் பாட்டம் மட்டும் வேண்டுமென்றால் அதற்கு எல்லா ஊரிலும் இடம் இருக்கிறது. தீம் பார்க்குக்கு வருகிற பெரியவர், பக்கத்துப் பெட்டியில் ஒரு பொடிசு வீறிட்டுக் கத்துவதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். ஓர் ஓரம் ஒதுக்கினால் போதும்.

கேள்வி: சில இடங்களில் குழந்தை இல்லாமல் போனால் உள்ளேயே விட மாட்டார்களாமே?

உண்மை. லெகோலேண்ட் டிஸ்கவரி சென்டர்கள் அப்படித்தான். பெரியவர்களுக்கென்று தனி இரவுகள் வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் மூடிய கூடம் அது, எனக்கு அதில் வருத்தமில்லை. டிஸ்னியின் அமெரிக்கப் பார்க்குகளிலும் பதினான்கு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சாதாரண நாட்களில் கதாபாத்திர வேஷத்தில் வரக் கூடாது. உண்மையான மிக்கி எது என்று பிள்ளைகள் குழம்பிவிடுவார்களே. மஞ்சள் பாவாடையும் நீலச் சட்டையுமாக, வேஷம் போடாமலே ஸ்நோ ஒயிட்டாக வந்து நிற்கிறார்கள் கெட்டிக்காரிகள்.

கேள்வி: எனக்கு முப்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. தனியாகப் போக ஆசை, வெட்கமாக இருக்கிறது. போனால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்களோ?

கவுன்டரில் ஒரு முறை பார்ப்பார்கள். "எத்தனை பேர்?" "ஒருத்தர்." "குழந்தைங்க?" "இல்லை." இந்த நாலு சொல்லைத் தாண்டிவிட்டால் முடிந்தது. இணையத்தில் டிக்கெட் வாங்கினால் அதுவும் இல்லை. பள்ளி நாளில் போங்கள். திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் நில்லுங்கள். பெரிய ரைடுகளை முதல் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு, மதியம் நிழலில் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பாருங்கள்.

என் பிறந்த நாளன்று ஏழாவது முறை சிங்கிள் ரைடர் வரிசையில் நின்றேன். ஓர் அப்பா, இரண்டு பையன்கள், ஓரத்தில் நான். பெரிய இறக்கத்தில் கேமரா படம் எடுத்தது. படம் விற்கும் கவுன்டரில் போய்ப் பார்த்தால், பையன்கள் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார்கள், அப்பா கண்ணை இறுக மூடியிருக்கிறார், நான் முழு வாயையும் திறந்து கத்திக்கொண்டிருக்கிறேன். வாங்கினேன். படத்தைச் செருகித் தரும் அட்டையில் தங்க எழுத்தில் 'எங்கள் குடும்பத்தின் இனிய நாள்' என்று அச்சடித்திருந்தது. கவுன்டர் பையன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். பிறகு அட்டையை உள்பக்கம் வெளியே வருமாறு மடித்து, படத்தைச் செருகி, "இந்தப் பக்கம் வெள்ளையா இருக்கு மேடம், படம் நல்லா எடுப்பா தெரியும்" என்றான்.

அதே படத்தை அந்த அப்பாவும் வாங்கினார். அவர் அட்டையைத் திருப்பச் சொல்லவில்லை.