பதில்: மின்தடையின்போது யூபிஎஸ் எச்சரிக்கை வராத சிக்கல்

வணக்கம். யூபிஎஸ்ஸின் நிலையைக் கண்காணிக்கும் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் மென்பொருளை நிறுவிய சிறு கணினியில் யூபிஎஸ் விவரங்கள் தெரிந்தும், கேமரா பதிவுக் கணினியிலிருந்து இணைக்க முயன்றால் மறுக்கப்படுகிறது என்றும், மின்தடையின்போது கைபேசிக்கு எச்சரிக்கை வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

முதலாவதற்குக் காரணம் எளிது: அந்த மென்பொருள், நாம் மாற்றாத வரை, தன் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும். யூபிஎஸ்டி (அம்மென்பொருளில் பிற கணினிகளுக்கு விவரம் தரும் பகுதி) அமைப்புக் கோப்பில் 'லிசன்' என்ற வரியில் அக்கணினியின் உள் வலையமைப்பு முகவரியைச் சேர்த்து, மென்பொருளின் பயன்முறையை 'நெட்சர்வர்' (பிற கணினிகளுக்கும் சேவை தரும் முறை) என மாற்றி, 3493 ஆம் போர்ட்டை வீட்டு வலையமைப்புக்கு மட்டும் ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள். இணையத்துக்குத் திறக்கவே வேண்டாம்.

எச்சரிக்கை வராததற்கு ரவுட்டர், மோடம், இடையிலுள்ள ஸ்விட்ச் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று யூபிஎஸ்ஸில் இல்லாததே காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன், ஏனெனில் செய்தியை அனுப்பும் கணினி விழித்திருந்தாலும் வழியில் ஒரு கருவி அணைந்தால் போதும், அது வெளியே போகாது.

சரிசெய்தபின் யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, மென்பொருள் காட்டும் நிலை 'ஓஎல்' (மின்சாரத்தில் இயங்குகிறது) என்பதிலிருந்து 'ஓபி' (பேட்டரியில் இயங்குகிறது) ஆக மாறுகிறதா என்று பாருங்கள். மின்னேற்றம் 100 சதவீதம் என்று காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். பழைய ஈய-அமில பேட்டரியும் அப்படிக் காட்டக்கூடும், சுமை ஏறியதும் சில நிமிடங்களில் கைவிட்டுவிடக்கூடும். வீட்டில் பாதுகாப்பு அலாரமும் இருந்து, அதன் பேனலுக்குள் தனியாக 12 வோல்ட் பேட்டரி இருந்தால், அதன் நிலை இந்த மென்பொருளுக்குத் தெரியாது. பேனலின் சொந்த 'லோ பேட்டரி' அறிவிப்பைத் தனியே இயக்கிவையுங்கள்.