தோட்டக் குடும்பங்களுக்கு வழிகாட்டிகளை அமர்த்தும்போது முதலில் கவனிக்க வேண்டியது என்ன?

இலங்கையின் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு இளைஞர்களாகச் சேர்ந்து வழிகாட்டிகளை அமர்த்தப்போவதாகவும், அவர்களுக்கு முதலில் என்ன பயிற்சி கொடுக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யார் எந்த வீட்டுக்குப் போவது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

லயக் காம்பராக்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, நடுவே இருப்பது ஒரே சுவர். பக்கத்துக் காம்பராக்காரரே வழிகாட்டியாக வந்தால், கடனைப் பற்றியோ குடியைப் பற்றியோ பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதைப் பற்றியோ ஒருவரும் வாய்திறக்க மாட்டார்கள். சொன்னது மறுநாள் கொழுந்து பறிக்கும் நிரையில் எல்லார் காதுக்கும் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே, தோட்டத்தின் அடுத்த டிவிஷனை (பிரிவை)ச் சேர்ந்த, வயதில் சற்று மூத்த பெண் ஒருவரே பொருத்தமானவர் என்பது என் அபிப்பிராயம்.

அவர் அறிவுரையோடு போகக்கூடாது. பெரும்பாலான வீடுகளில் முதல் தேவை கடதாசி வேலைதான். பிறப்புச் சான்றிதழில் 'லெட்சுமி', அடையாள அட்டையில் 'லக்ஷ்மி', சேமலாப நிதிப் பதிவில் வேறொன்று என்று இருந்தால், ஓய்வுபெறும் வயதில் சொந்தப் பணத்தை எடுப்பதற்கே அலைய வேண்டியிருக்கும். 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவிக்கும் அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். இதற்காக ஒரு தாய் கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் தேடிப் போகும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடுகிறது; போன இடத்தில் சிங்களத்தில் மட்டும் ஒரு படிவத்தை நீட்டினால், அந்த நாளும் வீண். சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவர் முதல் நாள் மாலையே படிவத்தை நிரப்பி, மறுநாள் கூடவே போவது எந்த ஆளுமை விருத்திக் கருத்தரங்கையும்விடப் பயன்தரும். (கருத்தரங்கில் தேநீர் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.)

வழிகாட்டியின் கையில் பணம் கொடுக்காதீர்கள்; அது இருக்கும்வரை அவரைக் கடன் கொடுப்பவராகவே பார்ப்பார்கள். அவசர உதவி வேண்டுமென்றால், பல தோட்டங்களில் ஏற்கெனவே இயங்கும் மரண உதவிச் சங்கத்தின் ஊடாகச் செய்யலாம். சந்தா சேர்த்துக் கணக்குக் காட்டும் பழக்கம் அங்கே இருக்கிறது.

அடி உதை, பிள்ளைகள் மீதான துன்புறுத்தல் ஆகியவற்றில் வழிகாட்டி சமாதானம் பேச முற்படக்கூடாது. பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற இலக்கங்களை அழைக்க உதவிவிட்டு, அந்தக் குடும்பத்தோடு தொடர்பை மட்டும் விடாமல் வைத்திருக்கட்டும்.